முதல் வகுப்பில் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ஆறு மாதமாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். நான்கு மிதி மெஷின்கள் இருக்கின்றன. 18 பேர் சேர்ந்தார்கள், இப்போது 7 பேர்தான் வருகிறார்கள். அதில் ஒருவருக்குப் போலியோவால் வலது கால் வராது. ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. ஒரு அம்மாவுக்கு 62 வயது. எல்லோருக்கும் ஒன்றாக எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். திருப்பூர் பனியன் வேஸ்ட் சும்மாவே கிடைத்ததால் பத்து மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வதென்றும் புரியவில்லை. கரண்ட் பில், மெஷின் ரிப்பேர் எல்லாம் என் கைக்காசு. ஆனால் வகுப்பை விட மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சான்றிதழாவது கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூட்டைத் துணி, மெஷின், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் வராமல் போன அந்த 11 பேரைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் ஈரோட்டில் ஒரு ஜாக்கெட் கடையில் காஜா, அதாவது பொத்தான் ஓட்டைக்குத் தையல், எடுக்கிற பெண்ணாக இந்தத் தொழிலுக்கு வந்தவள். சொல்லித் தர ஆரம்பித்தபோது, எனக்குச் சொல்லித் தந்த வரிசையிலேயே நானும் சொல்லித் தந்தேன். முதல் வாரம் பேப்பர் கட்டிங், அடுத்து உள்பாவாடை, இரண்டாம் மாதம் ஜாக்கெட். அந்த இரண்டாம் மாதத்தில் ஒரு பெண் ஜாக்கெட்டின் இரண்டு கைத் துண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டார். முன்பக்க வளைவு ஆழமாக, பின்பக்கம் குறைவாக இருக்க வேண்டும், ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை என்று ஜோடியாக வர வேண்டும். மடித்து வெட்டாமல் தனித்தனியாக வெட்டியதால் இரண்டும் வலக்கையாகிவிட்டன. 80 சென்டிமீட்டர் புதுத் துணி. "வீட்டில் கேட்டால் என்ன சொல்வேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது: புதுத் துணியில் கத்தரி வைக்கிற பயம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. கையில் காசு இருப்பவர் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்வார். காசு இல்லாதவர் பேசாமல் நின்றுவிடுவார்.

அதனால் இப்போது என் வகுப்பில் முதல் மூன்று வாரம் யாரும் எதையும் வெட்டுவதில்லை, பிரிக்கிறோம்.

ஆளுக்கு ஒரு பழைய ஜாக்கெட் கொண்டு வரச் சொல்லுங்கள். கிழிந்ததாக இருக்கட்டும், அக்குளில் நைந்ததாக இருக்கட்டும். வீட்டிலிருந்து கொண்டு வரக் கூச்சப்படுகிறவர்களுக்காக நீங்களே நான்கைந்து சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். துவைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளேடு வேண்டாம். அடுத்த தெரு டெய்லர் பிளேடால் சரசரவென்று பிரிப்பார், புதிதாக வருபவர் துணியையும் விரலையும் சேர்த்து அறுத்துக்கொள்வார். தையல் பிரிக்கிற சின்னக் கருவி ஃபேன்சி கடையிலேயே கிடைக்கும். ஒரு பக்கத்து நூலை நாலு தையலுக்கு ஒன்று வீதம் அறுத்துவிட்டு, மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் முழுசாக உருவி வரும். மேல் நூல், அடியிலிருந்து வரும் பாபின் நூல் இரண்டும் எப்படிக் கோத்துக்கொண்டு நிற்கின்றன என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். போர்டில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்குவதை அந்த ஒரு இழுப்பு சொல்லிவிடும்.

பிரித்த துண்டுகளை இஸ்திரி போட்டுத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். முன்பாகம் இரண்டு, பின்பாகம், கை இரண்டு, பட்டி, கழுத்துக்கு வைத்த கிராஸ் துண்டு. டாட், அதாவது உடம்புக்குப் பொருந்த மடித்துத் தைக்கிற இடம், எங்கே பிடித்திருக்கிறது, தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறது, கழுத்துத் துண்டை ஏன் சாய்வாக வெட்டியிருக்கிறது, எல்லாம் அங்கேயே கிடக்கும். அதையே வைத்துப் பேப்பரில் வரைந்துகொள்ளலாம். நம் ஊர் டெய்லர்கள் அளவு ஜாக்கெட்டை வைத்துத்தானே காலங்காலமாகத் தைக்கிறார்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது கைகொடுக்கும். பிறகு அதே துண்டுகளைத் திரும்பச் சேர்த்துத் தைக்க வேண்டும். தப்பானால் மறுபடி பிரிக்கலாம், யாருடைய காசும் போகாது. இந்த மூன்று வாரத்துக்கு நான்கு மெஷினே அதிகம். பிரிக்கிற வேலைக்குப் பாயும் நல்ல வெளிச்சமும் போதும். கால் வராதவர், கண் மங்கியவர், காது கேளாதவர், கைக்குழந்தையோடு வந்தவர் எல்லோரும் முதல் நாளே ஒரே வேலையை ஒன்றாக உட்கார்ந்து செய்ய முடிகிறது. நீங்கள் கேட்ட "எல்லோருக்கும் ஒன்றாக" என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

அப்புறம் மெஷினுக்கு வரும்போது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். போலியோ பாதித்தவரிடம் முதலில் அவருக்கு எது வசதி என்று கேளுங்கள். இடது காலால் மட்டும் மிதித்துப் பழகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நாள் முழுக்க அப்படி மிதித்தால் இடுப்பு வலிக்கும். உங்கள் மிதி மெஷினிலேயே சின்ன மோட்டார் பொருத்தலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடல் தனியாக வயரில்தான் இருக்கும், அதை இடது காலுக்குக் கீழே வைக்கலாம். இரண்டு காலும் வராதவர் என்றால் மேஜை மேல் வைத்து முழங்கையால் அழுத்தலாம். ஒரு மெஷினுக்குப் போட்டால் போதும். அந்த 62 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அவருக்கும் அது ஆகும். மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் தரும் அரசுத் திட்டமும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அவர் பெயரில் விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள்.

காது கேளாத பெண்ணைப் பற்றி ஒரு விஷயம். நூல் சிக்கினால், ஊசி மழுங்கினால் மெஷின் சத்தம் மாறும். நாம் அதைக் கேட்டுத்தான் காலை எடுக்கிறோம், ஆனால் நாம் கேட்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அவருக்கு அந்தச் சத்தம் இல்லை. இடது உள்ளங்கையை மெஷின் பலகையில் பதித்து வைக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக ஓடும்போது எப்படி அதிர்கிறது, நூல் சிக்கும்போது எப்படி மாறுகிறது என்று வேண்டுமென்றே ஒரு முறை சிக்க வைத்துக் காட்டுங்கள். ஒரே நாளில் பிடித்துக்கொள்வார். நீங்கள் பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். கையால் செய்துகொண்டே பேசாதீர்கள். அவரால் உங்கள் கையையும் உதட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. செய்து காட்டுங்கள், நிறுத்துங்கள், பிறகு பேசுங்கள். உண்மையில் எல்லோருக்குமே இப்படிச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் புரிகிறது.

62 வயது அம்மாவுக்குக் கறுப்புத் துணியில் வெள்ளை நூல், வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் கொடுங்கள். ஊசிக் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பேப்பர் துண்டு ஒன்றைப் பிடித்தால் நூல் கோர்ப்பது சுலபம். வயதானவர் என்பதற்காக ஊக்கு கட்டுவதையும் ஹெம்மிங்கையும் மட்டும் அவரிடம் தள்ளிவிடாதீர்கள். அவரும் மெஷின் ஓட்டத்தான் வந்திருக்கிறார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் யாராவது வந்தால் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து கைத்தையல் சொல்லிக் கொடுங்கள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அப்படியே செய்துவிடுவார்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். உங்கள் சமுதாயக் கூடம் ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது? காலனிப் பெண்கள் தயங்காமல் உள்ளே வர முடிகிற இடமா? நின்று போன 11 பேரில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தையல் வகுப்பில் இது ஒளிந்துகொள்ள முடியாமல் வெளியே வந்துவிடும். ஏனென்றால் அளவெடுக்க ஒருவர் உடம்பை ஒருவர் தொட வேண்டும். யார் யாருக்கு அளவெடுப்பது என்பதை அவர்கள் போக்கில் விட்டால், பழகியவர்களே ஜோடி சேர்ந்துகொள்வார்கள், இரண்டு பேர் தனியே நிற்பார்கள். நான் சீட்டுக் குலுக்கிப் போடுவேன், வாரம் ஒரு ஜோடி. முதல் சீட்டில் என் பெயரும் இருக்கும். தண்ணீர்க் குடம் ஒன்று, டம்ளர் எல்லோருக்கும் பொது. இதைப் பற்றி நான் வகுப்பில் பேச்செல்லாம் வைப்பதில்லை, ஆனால் மாற்றியும் கொள்வதில்லை. ஒரு முறை இதனால் இரண்டு பேர் நின்றார்கள். போகட்டும் என்று விட்டேன், இன்றைக்கும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

உங்கள் பக்கம் பனியன் கம்பெனிகளுக்காக ஒடிசா, பீகார் குடும்பங்களும் வந்து தங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்களையும் கூப்பிடுங்கள். பீகார் கிராமங்களில் பழைய சேலைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிப் போகிற ஓட்டுத் தையலால் படம் போடுகிற சுஜனி வேலை உண்டு, ஒடிசாவில் பிபிலி என்ற ஊர் துணி மேல் துணி வைத்துத் தைக்கிற ஒட்டு வேலைக்குப் பெயர் போனது. எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. தெரிந்த ஒருவர் வந்தால்கூட உங்கள் வகுப்புக்கு இன்னொரு டீச்சர் கிடைத்த மாதிரி. தமிழ் தெரியாவிட்டால் என்ன, ஊசிக்கு அது தேவைப்படாது.

இனி அந்தப் பத்து மூட்டை. முதல் வேலையாக இனி ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள். கம்பெனிக்காரர் சும்மா கொடுப்பது அவர் இடம் காலியாக வேண்டும் என்பதால்தான். நீங்கள் பயன்படுத்த முடியாத அளவுக்கு வாங்கினால் அவருடைய குப்பை உங்கள் குப்பையாகி, கடைசியில் உங்கள் ஊர் ஓடையோரம் எரியும். இருப்பதைத் தரம் பிரியுங்கள். எது காட்டன், எது பாலியஸ்டர் என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை இடுக்கியில் பிடித்து வெளியே திறந்த இடத்தில் கொளுத்திப் பாருங்கள். காட்டன் பேப்பர் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணி போலாகும். அதைத் தொடாதீர்கள், சுடும். தரம் பிரிக்கும்போது பஞ்சுத் தூசி பறக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பனியன் துணியை ஆரம்பத்தில் இருப்பவரிடம் மெஷினில் கொடுக்கவே கூடாது. அது இழுபடும், ஓரம் சுருளும், சாதாரண ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். அவர்கள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். முனை மழுங்கலான பால் பாயிண்ட் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்தால் ஓரளவு விழும், ஆனால் அது ஆறாவது மாதப் பாடம். இப்போதைக்கு அந்தத் துணியை ஒரு அங்குல அகலத்துக்கு நீள நீளமாகக் கத்தரித்து, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ஓரம் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அதை ஜடை போலப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கைத்தையல் போட்டால் மிதியடி. பழைய மரச் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, நீளவாக்கில் நூல் இழுத்துப் பாவு கட்டி, இந்தக் கயிற்றை ஊடாக விட்டால் அதுவே ஒரு சின்னத் தறி. பவானி ஜமக்காளம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நிறம் சேர்க்கவா சொல்லித் தர வேண்டும்? சக்கர நாற்காலியில் இருப்பவர் மடியில் வைத்தே இதைச் செய்யலாம். ஒரு கை மட்டும் வருபவருக்குச் சட்டத்தை மேஜையோடு இறுக்கிக் கட்டிக் கொடுத்தால் போதும்.

பழைய சேலைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அடியில் ஒரு சேலையை விரித்து, அதன் மேல் கிழிசல் துண்டுகளை வைத்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைத்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, அளந்து வெட்டுவதும் இல்லை. உங்கள் வகுப்புக்கு இதை நான் சிபாரிசு செய்யக் காரணம், ஒரு போர்வையைச் சுற்றி நாலு பேர் உட்கார முடியும். தையல் கோணினாலும் அழகாகத்தான் இருக்கும். பேசிக்கொண்டே தைக்கலாம், வகுப்புக்கு வரக் காரணம் தையல் மட்டுமே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வெட்டும் பாடம் வரும்போது பழைய உள்பாவாடை கட்டிங்கிலிருந்து தொடங்குங்கள். 16 அங்குல அகலப் பட்டை ஒன்றை எடுத்து, மேலே 6 அங்குலம், கீழே 10 அங்குலம் வரும்படி சாய்வாக ஒரே வெட்டு. மிஞ்சிய துண்டில் மேலே 10, கீழே 6 இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் முதல் துண்டுக்கு ஜோடி. ஒரு நூல்கூட வீணாகாது. துணியை வீணாக்கக் கூடாது என்று யோசித்து வைத்த கட்டிங் அது. ஒரே திசையில் பூ நிமிர்ந்து நிற்கிற பிரிண்ட்டில் மட்டும் இது ஆகாது, பாதித் துண்டில் பூ தலைகீழாக நிற்கும்.

ஒவ்வொரு துண்டுக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், உங்கள் ஊரில் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது, 1992-ல் முடிந்தது. நொய்யலில் வந்த சாயக் கழிவு தேங்கி, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உங்கள் மூட்டையில் இருக்கிற ஒவ்வொரு கலர்த் துண்டும் எங்கோ ஒரு சாயத் தொட்டியில் முங்கி எழுந்துதான் வந்திருக்கிறது. அதனால்தான் ஒரு துண்டைத் தூக்கிப் போட எனக்குக் கை வருவதில்லை.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை என்று வைத்திருந்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கம்பெனி வேன் ஏறுகிறவர் இரண்டு பேருமே வர முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது சாயங்கால வகுப்பு வையுங்கள். ஒரு வாரம் விட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஆளுக்கு ஒரு துணிப்பை, அதில் அவர் செய்து பார்த்த துண்டுகள். கூடத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் என்று பாருங்கள். மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு யாரும் ஜாக்கெட் பழக மாட்டார்கள். குழந்தைகள் வரட்டும், ஆனால் வகுப்பு முடிந்ததும் ஊசிகளை எண்ணி வாங்குங்கள், தரையில் ஒரு காந்தத்தை ஓட்டி எடுங்கள்.

பணம். பை தைத்து விற்று வகுப்பை நடத்தலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒரு வருடம் முயன்றேன். கடைக்காரர் கேட்கும் விலைக்குத் தைத்தால் நூல் காசுகூட நிற்காது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததும், 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியதும் துணிப்பைக்குத் தேவையைக் கூட்டியது உண்மைதான். கல்யாண வீடு, கோயில் விசேஷம் என்று மொத்தமாக ஆர்டர் வந்தால் எடுங்கள், நேராகத் தையல் போடப் பழக அது நல்ல வேலை. ஆனால் மாதாமாதம் காசு வருவது ரிப்பேர் வேலையில்தான். ரெடிமேட் சுடிதாரைப் பிடித்துக் கொடுப்பது, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது. பெரிய டெய்லர் கடைகளில் இதைக் கையில் வாங்கவே யோசிப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் கூடத்து வாசலில் மேஜை போடுங்கள். தைத்தவருக்குப் பாதி, மீதி வகுப்புக்கு. கணக்கு நோட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்க வேண்டும். பிரிக்கப் பழகியவர்களுக்கு ரிப்பேர் கை வந்த வேலை, மூன்றாவது மாதத்திலேயே செய்வார்கள்.

கட்டணமும் வாங்குங்கள், சின்னத் தொகையாக. முடியாதவர் கொடுக்க வேண்டாம், ஆனால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று தெரியாதபடி மூடி போட்ட டப்பா ஒன்றை வையுங்கள். அதோடு இன்னொரு ஆளை இப்போதே தயார் செய்யுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பு நடக்காது என்ற நிலையில் நீங்கள் நான்கு வருடம் தாங்க மாட்டீர்கள்.

சான்றிதழ் கேட்டீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர்கள் வீட்டுச் சுவருக்கு அழகு, மனத்துக்குத் தெம்பு, கொடுங்கள். அரசு வேலைக்கு அது போதாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டுபவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையல் எழுதலாம், கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு உண்டு. சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கும் தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அங்கே எந்தச் சான்று ஏற்பார்கள் என்று வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தைத்துப் பிழைப்பவர் இருந்தால், 2023-ல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை அதில் உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோன 11 பேர் வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். "வரும் சனிக்கிழமை பழைய ஜாக்கெட் ஒன்று கொண்டு வாருங்கள், வெட்ட வேண்டியதில்லை, பிரிக்கத்தான்" என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மோட்டார் பொருத்துவதில் சந்தேகம் வந்தால் மெஷினின் போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள், கைச்சக்கரப் பக்கம் தெரியும்படி.